மாங்கூழ் ஆலையில் ஒரு சீசன்: அடிபட்டது யாருக்கு, நாள் போனது யாருக்கு

பின்னணி

மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும். பெரும்பாலும் பெங்களூரா காய்தான். தோத்தாபுரி, கிளிமூக்கு என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான். காயைப் பழுக்க வைத்து, கழுவி, செதுக்கி, கூழாக்கி, ட்ரம்மில் அடைத்து அனுப்பும் ஆலைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அப்படிப்பட்ட ஓர் ஆலையில் 2023, 2024 ஆகிய இரண்டு சீசன்களில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அங்கே ஆட்களின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸையும் பாதுகாப்புப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவன் நான். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

மாம்பழம் முடிந்தால் கொய்யா, பப்பாளி, தக்காளி என்று ஆலை ஆண்டு முழுக்க ஏதோ ஒரு வேகத்தில் ஓடும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரைதான் நெரிசல். 2023 சீசனில் மொத்தம் 186 பேர் வேலை செய்தார்கள். 18 முதல் 29 வயது வரை 62 பேர். 30 முதல் 44 வரை 74 பேர். 45-க்கு மேல் 50 பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பத்துப் பன்னிரண்டு சீசன் பார்த்தவர்கள். இளையவர்களில் பாதிக்கு மேல் கல்லூரி விடுமுறையில் வந்த பையன்கள். ஜூன் நடுவில் கல்லூரி திறந்ததும் கிளம்பிவிடுவார்கள். இவர்களைக் கான்ட்ராக்ட் மேஸ்திரி ஒருவர் கூட்டிவந்தார்.

கேள்வி எப்படி வந்தது

ஆகஸ்ட் முதல் வாரம் முதலாளியிடம் சீசன் கணக்கைக் கொண்டுபோனேன். காயத்தால் வேலைக்கு வராத நாட்கள் மொத்தம் 188. அதில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுடையது மட்டும் 119. ஆளில் நாலில் ஒரு பங்கு சொச்சம் இருப்பவர்கள், போன நாளில் 63 சதவீதத்துக்குக் காரணம் என்று கணக்கு சொன்னது.

அவர் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "தம்பி, அடுத்த வருஷம் அம்பது தாண்டினவங்களைக் கூப்பிட வேண்டாம். அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்களில் பலரைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர் அவர். கணக்கு அப்படிக் காட்டியதால் அப்படிச் சொன்னார்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் 29 பேர். இந்த இரண்டரை மாதக் கூலியை நம்பித்தான் பலர் வீட்டில் பேரன் பேத்தியின் பள்ளிச் செலவு ஓடுகிறது. கணக்கை எழுதியவன் நான், அதனால் அதை வைத்து ஒரு முடிவு எடுக்கும் முன் நானே இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பத்து நாள் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்.

பதிவேட்டைத் திரும்பப் புரட்டியபோது

விபத்துப் பதிவேடு, முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டு, வருகைப் பதிவேடான மஸ்டர் ரோல் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். சீசன் முழுக்க 31 காயங்கள். இளையவர்களுக்கு 14, நடு வயதினருக்கு 9, மூத்தவர்களுக்கு 8. நாட்கள் அதே வரிசையில் 28, 41, 119.

முதலில் தெரிந்தது, நான் கொண்டுபோன காகிதத்தில் நாட்கள் மட்டும் இருந்தன, காயங்களின் எண்ணிக்கையே இல்லை. எத்தனை பேருக்கு அடிபட்டது என்று கேட்டால் இளையவர்கள் முன்னால் நிற்கிறார்கள். அடிபட்டபின் எத்தனை நாள் ஆனது என்று கேட்டால் மூத்தவர்கள் முன்னால் நிற்கிறார்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். மொத்த நாள் என்ற ஒரே எண்ணில் இரண்டும் கரைந்துபோய்விடுகின்றன.

அடுத்தது வேலை செய்த காலம். 62 இளைஞர்கள் என்று எழுதியிருந்தாலும் பாதிப்பேர் ஒரு மாதம்கூட முழுதாக இல்லை. மஸ்டரிலிருந்து ஆள்நாட்களை (ஓர் ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஓர் ஆள்நாள்) கூட்டினால் இளையவர்களுக்குச் சுமார் 2,350, நடு வயதினருக்கு 4,600, மூத்தவர்களுக்கு 3,300 வந்தது. அதை வைத்து வகுத்துப் பார்த்தேன். ஆயிரம் ஆள்நாளுக்கு இளையவர்களுக்கு 6 காயம், நடு வயதினருக்கு 2, மூத்தவர்களுக்கு 2.4. தலையை மட்டும் எண்ணியிருந்தால் இளையவர்களுக்கும் நடு வயதினருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கைத் தொடாது. ஆள்நாளில் அது மூன்று மடங்கு.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தொழிலகக் காய விகிதத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3786-இல் முறையான சூத்திரம் இருக்கிறது. பத்து லட்சம் ஆள்மணி நேரத்துக்கு எத்தனை காயம், எத்தனை நாள் இழப்பு என்று அது கணக்கிடும். அடிபட்ட ஷிஃப்டைத் தாண்டியும் வேலைக்கு வர முடியாமல் செய்த காயத்தைத்தான் அது எண்ணும். நான் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிய காயத்தையும் எண்ணினேன். ஆகவே என் விகிதங்களை வேறு ஆலையின் விகிதங்களோடு வைத்துப் பார்ப்பது சரியல்ல. எங்கள் ஆட்களுக்குள் ஒப்பிட மட்டுமே அவை உதவும்.

மூன்றாவது, சராசரி. மூத்தவர்களின் 8 காயத்தில் நாட்களை அடுக்கினால் 0, 3, 4, 6, 9, 12, 24, 61. சராசரி ஏறக்குறைய 15 நாள். வரிசையில் நடுவில் நிற்பது ஏழரை. அந்த 61 ஒரே ஒரு பெண்ணுடையது, மொத்த 119-இல் பாதி. இளையவர்களுக்கு நடுவில் நிற்பது ஒன்றரை நாள், நடு வயதினருக்கு 3. ஆக, அந்தப் பெண்ணை ஒதுக்கிவைத்தாலும் வயது ஏற ஏற ஒரு காயத்துக்கு நாள் கூடுகிறது என்பது மாறவில்லை. முதலாளி பார்த்தது பொய்யில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை பல ஆண்டுகளாக வெளியிட்டுவரும் கணக்கிலும் இதே தோற்றம்தான். அடிபட்டவர் எத்தனை நாள் வரவில்லை என்பதன் இடைநிலை அளவு, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் எண், வயதோடு ஏறிக்கொண்டே போகும். உடம்பு ஆற எடுத்துக்கொள்ளும் காலம் அது, யாரும் மாற்ற முடியாது.

பூஜ்யம் என்று எழுதப்பட்ட நாட்கள்

இளையவர்களின் 14 காயத்தில் ஐந்துக்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது. அதை முதலில் சின்னக் காயம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்புறம் மஸ்டரை ஒட்டிவைத்துப் பார்த்தால், அந்த ஐவரில் நால்வரின் பேர், அடிபட்ட நாளுக்கு மறுநாள் முதல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள், மேஸ்திரி வேறு பையனைக் கூட்டிவந்தார். பேர் இல்லாதவனுக்கு வராத நாள் எங்கிருந்து வரும்? புத்தகத்தில் பூஜ்யம்.

நால்வரில் மூவரைப் போனில் பிடித்தேன். ஒருவனுக்கு ட்ரம்மில் கூழ் நிரப்பும் ஃபில்லிங் பக்கம் சூடான கூழ் தெறித்து முன்கை வெந்திருந்தது, 18 நாள் வீட்டில் இருந்திருக்கிறான். இன்னொருவனுக்குச் செதுக்கும் கத்தி உள்ளங்கையில் இறங்கி, சீழ் வைத்து, 14 நாள். மூன்றாமவனுக்குக் காய் சுமக்கும் கிரேட் பெட்டி பாதத்தில் விழுந்து 9 நாள். நாலாமவனின் நம்பர் அணைக்கப்பட்டிருந்தது. மேஸ்திரிக்கு ஊர் மட்டும்தான் தெரிந்தது.

இந்த 41 நாளைச் சேர்த்தால் இளையவர்களின் இழப்பு 28 அல்ல, 69. ஆயிரம் ஆள்நாளுக்கு 29.4 நாள். மூத்தவர்களுக்கு 36.1. முதலில் இருந்த 11.9 எங்கே, இந்த 29.4 எங்கே. வெந்த கையோடு வீட்டில் கிடந்த பையனின் நாட்கள் ஆலைக் கணக்கில் இல்லாததால்தான் மூத்தவர்கள் அவ்வளவு தனித்துத் தெரிந்தார்கள். சம்பளத்தோடு நாள் எண்ணப்படுபவர் கணக்கில் தெரிவார், பேர் அடிக்கப்படுபவர் மறைந்துபோவார்.

அதைவிட மனதை உறுத்திய விஷயம் ஒன்று. வேலையில் அடிபட்டால் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் கிடைக்கும் தற்காலிக இயலாமைக்கான தொகைக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாள் வேலையில் அடிபட்டாலும் உண்டு. விபத்து நாளை விட்டுக் குறைந்தது 3 நாள் வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். தொகை சம்பளத்தில் 90 சதவீதம். இந்தப் பையன்கள் யாருடைய பேரையும் மேஸ்திரி பதியவில்லை. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் பதிவானதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு ஆலைக்கு உண்டு. அதாவது எனக்கு. நான் பார்க்கவில்லை.

நடைபாதையில் ஒரு காலை

வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தது போதும் என்று, எங்கே அடிபட்டது என்று பிரித்தேன். கழுவும் தொட்டியிலிருந்து கட்டிங் டேபிள் வரை 14 மீட்டர் நடைபாதை. நாலடி அகலம். 31 காயத்தில் 11 அங்கே வழுக்கி விழுந்தது. மூத்தவர்கள் 5, நடு வயது 2, இளையவர்கள் 4. அந்தப் பதினொன்றுக்கும் போன நாட்கள் 121.

121-ஐ 188-ஆல் வகுத்தேன். 64 சதவீதம். வயதை வைத்துப் பிரித்தபோது வந்தது 63. மூத்தவர்களின் 119 நாளில் 106 இந்த நடைபாதையில் போனவை. கிட்டத்தட்ட ஒரே நாட்களை நான் முதலில் வயதின் பெயரில் எழுதியிருந்தேன், இப்போது இடத்தின் பெயரில் எழுதினேன். அடுத்த வருஷம் மாற்றக்கூடியது இதில் எது?

சீசன் முடிந்திருந்தாலும் கடைசி லாட் பெங்களூரா கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை எட்டு மணிக்குச் சாக்குக்கட்டியோடு அந்த நடைபாதை ஓரம் உட்கார்ந்தேன். யார் கால் வழுக்கினாலும் சுவரில் ஒரு கோடு. விழ வேண்டாம், வழுக்கினால் போதும். தொட்டியிலிருந்து எடுத்த கிரேட் சுமார் 20 கிலோ, தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். செதுக்கிய தோலும் நாரும் கட்டிங் டேபிளிலிருந்து கீழே விழும். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் ஹோஸ் பிடித்துத் தள்ளுவார். தள்ளியதெல்லாம் போய்ச் சேர வேண்டிய வடிகால் கம்பிவலை தோலால் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் எதிர்த்துத் திரும்பி, கூழும் சேர்ந்து, நடைபாதையின் சரிவில் சோப்புத் தண்ணீர் மாதிரி படர்ந்து நின்றது. ஹோஸ் பிடித்து முடித்த முதல் பத்து நிமிடம்தான் மிக மோசம். சுத்தம் செய்ததாக எல்லோரும் நினைக்கும் நேரம் அது.

பதினொரு மணிக்குள் 17 கோடுகள். அதில் 9 முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள். வழுக்கினால் சிரித்துவிட்டுப் போனார்கள். கம்பூட் போட்டிருந்தவர் மூவர், நிரந்தர ஆட்கள் மட்டும். மற்றவர்கள் காலில் வீட்டுச் செருப்பு, தேய்ந்து வழவழவென்று ஆனது.

ஏன் மூத்த பெண்களே அங்கே அதிகம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். கட்டிங் டேபிளில் கிரேட் கணக்கில் கூலி, கை வேகமாக ஓடுபவர்களை அங்கே போட்டுவிடுகிறோம், மற்றவர்களுக்கு வாஷிங் பக்கம் "சும்மா தூக்கி வைக்கிற வேலை" என்றார். வாஷிங்கில் இருந்த 26 பேரில் 17 பேர் 45-க்கு மேல். இலேசான வேலை என்று நினைத்துத்தான், இருப்பதிலேயே வழுக்கலான இடத்தில் 20 கிலோவோடு அவர்களை நடக்க விட்டிருக்கிறோம்.

61 நாள்

மே 27 காலை அங்கே விழுந்த பெண்ணுக்கு வயது 58. சுமையோடு வழுக்கியதும் வலது கையை ஊன்றினார். "எந்திரிக்கலாம்னு கையை ஊனினேன் சார், அப்பத்தான் அது என் கை மாதிரியே இல்லைன்னு தெரிஞ்சது" என்று பின்னால் சொன்னார். மணிக்கட்டு எலும்பு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைவதால், கை ஊன்றி விழும் பெண்களுக்கு அந்த இடத்தில் உடைவது மருத்துவர்களுக்கு மிகப் பழக்கமான முறிவு. அதே சரிவில் அதற்கு முந்தைய வாரம் விழுந்த 22 வயதுப் பையனுக்குப் பூஜ்யம் நாள். முழங்காலைத் தட்டிவிட்டுக் கிரேட்டைத் திரும்பத் தூக்கினான்.

அந்த அம்மா முதலில் நாட்டுக் கட்டுக்குப் போனார். ஐந்து நாள் கழித்து வீக்கம் இறங்காததால் ஆறாம் நாள் எக்ஸ்ரே, மாவுக்கட்டு. அந்த முதல் ஐந்து நாளுக்கு மருத்துவச் சான்று இல்லை, ஈ.எஸ்.ஐ. தொகையும் அந்த நாட்களுக்கு வரவில்லை. அடிபட்ட அன்றே ஒரு ஆளைக் கூடப் போட்டு டிஸ்பென்சரிக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. அன்று நெரிசல், மகன் வந்து வண்டியில் கூட்டிப்போனார், நாங்கள் விட்டுவிட்டோம்.

48-ஆம் நாள் இன்னொரு தப்பு, இது முழுக்க என்னுடையது. கட்டுப் பிரித்தாயிற்று என்று கேள்விப்பட்டு, லேபிள் ஒட்டும் மேஜையில் உட்கார்ந்து செய்யட்டும் என்று கூப்பிட்டேன். நல்லெண்ணத்தில்தான். வேலைக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்றைக் கேட்கவில்லை. இரண்டு நாள் வந்தார், லேபிளை அழுத்தித் தேய்ப்பதே மணிக்கட்டுக்குத்தான் வேலை என்று எனக்கு உறைக்கவில்லை. கை வீங்கியது. மறுபடி 13 நாள். புத்தகத்தில் உள்ள 61-இல் இந்தப் பதின்மூன்றும் சேர்த்தி. அவருடைய வயது அந்த 13 நாளுக்குக் காரணம் இல்லை.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதலாளியிடம் போகும்போது ஒரு கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிப்போனேன். ஐம்பதைத் தாண்டிய 29 பேரை நிறுத்தினால் சுமார் 1,900 ஆள்நாளுக்குப் புது ஆள் வேண்டும். கிடைப்பவர்கள் இளையவர்கள். 2023-இன் விகிதமே தொடர்ந்தால் அந்த 1,900 நாளில் சுமார் 11 காயம். மூத்தவர்கள் விகிதத்தில் 4 அல்லது 5. போகும் நாள், திருத்திய கணக்குப்படி 56. மூத்தவர்களுக்கு 69. பதின்மூன்று நாள் மிச்சம் பிடிக்க ஆறேழு பேருக்குக் கூடுதலாக அடிபடும். அந்த 69-லும் நடைபாதையின் பங்கு பெரிது. புது ஆட்களை அதே சரிவில் நடக்கவிட்டால் இந்த 13 நாள்கூட மிஞ்சுமா என்பது சந்தேகம்.

இது துல்லியமான கணிப்பு அல்ல என்று அவரிடமே சொன்னேன். எட்டு காயம், பதினான்கு காயம் என்பதெல்லாம் மிகச் சின்ன எண்கள். ஒரு எலும்பு முறிந்தால் அட்டவணையே தலைகீழாகும், 2023-இல் அப்படித்தான் ஆனது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நடைபாதைக்கு வந்து, செருப்போடு நடந்து பார்த்தார். "சரி, முதல்ல இதைச் சரி பண்ணுங்க. வயசை அப்புறம் பேசலாம்" என்றார். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

நடைபாதையின் சரிவை மாற்றிப் பூசினோம். அடைக்கும் கம்பிவலையை எடுத்து, தூக்கிக் கொட்டக்கூடிய கூடை வலை வைத்தோம். ஹோஸ் அடித்ததும் ரப்பர் தள்ளியால் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் ஆள் நடக்க வேண்டும். கிரேட்டைக் கையில் தூக்குவது நின்றது, தள்ளுவண்டி வந்தது. கம்பூட் எல்லோருக்கும், கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட. இதில் முதலாளிக்குத் தயக்கம் இருந்தது, ஒரு மாதத்தில் போகிற பையனுக்குக் கம்பூட்டா என்று கேட்டார். திரும்ப வாங்கிக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றதும் ஒத்துக்கொண்டார்.

இளையவர்களுக்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அவர்களின் 14 காயத்தில் 9 வேலைக்கு வந்த முதல் ஏழு நாளுக்குள் நடந்தவை. நடு வயதினரின் 9-இல் 4-ம் அப்படித்தான், அந்த நால்வரும் அந்த வருஷம் புதிதாக வந்தவர்கள். ஆகவே இளமை என்று தோன்றியதில் பெரும்பங்கு புதுமை. புது ஆள் யாரானாலும் முதல் மூன்று நாள் கத்தியும் கிடையாது, ஃபில்லிங்கும் கிடையாது. நாலாம் நாளிலிருந்து ஒரு வாரம் ஒரு பழைய ஆள் பக்கத்தில் நிற்பார். கத்தியை எப்படிப் பிடிப்பது, நீராவி வால்வைத் திறக்கும்போது எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதெல்லாம் பத்து சீசன் பார்த்த அந்தப் பெண்களுக்குக் கையோடு வரும். நிறுத்திவிடலாம் என்று பேசப்பட்டவர்களிடம்தான் அந்த வேலையைக் கொடுத்தோம். கிரேட் கூலி குறைந்துவிடக்கூடாது என்று, சொல்லித்தரும் நாளுக்கு நாள் கூலி நிர்ணயித்தோம்.

பதிவேட்டில் ஒரு பத்தி கூடியது. பேர் அடித்தாலும், அடிபட்டவர் மீண்டும் ஏதாவது வேலைக்குப் போன நாள் வரை எண்ண வேண்டும், போன் செய்து கேட்டு எழுத வேண்டும். அப்போதைய ஈ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000 ரூபாய்க்குள் வருபவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட முதல் நாளே பதிவாக வேண்டும், பதிவாகாதவருக்கு கேட்டில் டோக்கன் கிடையாது என்று ஆக்கினோம். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் ஆள் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் ஆதார் நகல்களோடு வந்தார்.

அடுத்த சீசன்

2024-இல் எங்கள் ஆலைக்குக் காய் வரத்து குறைவு, ஆள்நாட்களும் குறைந்தன. இளையவர்கள் 1,900, நடு வயது 4,000, மூத்தவர்கள் 2,800. மூத்தவர்களில் 47 பேர் திரும்ப வந்தார்கள், மணிக்கட்டு உடைந்த அம்மாவும் உண்டு.

மூத்தவர்களுக்கு 6 காயம், 31 நாள். ஆயிரம் ஆள்நாளுக்கு 2.1 காயம், 11.1 நாள். நடைபாதையில் விழுந்தவர் மூன்று வயதுப் பிரிவிலும் சேர்த்து ஒரே ஒருவர். நடு வயதினருக்குப் பெரிய மாற்றம் இல்லை, 7 காயம், 33 நாள்.

இளையவர்களுக்கு 8 காயம். ஆயிரத்துக்கு 6-லிருந்து 4.2-க்கு இறங்கியது. நாட்கள் 44. இங்கேதான் முதலாளி நிறுத்தினார். போன வருஷப் பழைய காகிதம் அவரிடம் இருந்தது, அதில் 28. "இவ்வளவு செஞ்சும் கூடியிருக்கே?" நியாயமான கேள்வி. 28 என்பது பேர் அடித்தவர்களை விட்ட கணக்கு, 44 என்பது வீடு வரை எண்ணிய கணக்கு. ஒப்பிட வேண்டியது 69-ஓடு, அதுவும் ஒருவரை விட்ட 69. ஆயிரத்துக்கு 29.4 இருந்தது இப்போது 23.2. நன்றாக எண்ணத் தொடங்கிய முதல் வருஷம் புத்தகத்தில் எண் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து எண்ணுவதை நிறுத்தியவர்களை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மூத்தவர்களின் 36.1 நாள் 11.1-க்கு இறங்கியதை முழுக்க நடைபாதைக்கு வரவு வைக்க மாட்டேன். 61 நாள் பெண்ணை எடுத்துவிட்டால் 2023-இல் இருந்தது 17.6. 17.6-லிருந்து 11.1 என்பதே நேர்மையான ஒப்பீடு. காய் குறைந்ததால் அவசரமும் குறைந்தது, அதற்கும் ஒரு பங்கு இருக்கும். ஆனால் நடைபாதையில் 11 விழுந்த இடத்தில் ஒன்று என்பதற்கு அவசரம் குறைந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். 2024-இலும் ஒரு காலை சாக்குக்கட்டியோடு உட்கார்ந்தேன், அதே மூன்று மணி நேரம். கோடுகள் 3.

மறுபடி செய்தால்

45-க்கு மேல் எல்லோரையும் ஒரே பிரிவில் போட்டிருக்க மாட்டேன். 46 வயதுக்காரரையும் 63 வயதுக்காரரையும் ஒரே வரியில் எழுதிவிட்டு ஐம்பதில் கோடு போடலாமா என்று பேசியதே பொருந்தாத பேச்சு. ஆள் குறைவு, பிரித்தால் எண்கள் இன்னும் சின்னதாகும் என்பது உண்மை. அப்போது எண்ணை விட்டு ஒவ்வொருவர் கதையாக எழுதியிருக்கலாம், எட்டே கதைகள்தானே.

இரவு ஷிஃப்டில் ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அங்கே வெளிச்சம் குறைவு, ட்ரம் உருட்டும் வேலை அதிகம். நிரம்பிய ட்ரம் 200 கிலோவுக்கு மேல். பகலில் பார்த்ததை வைத்தே எல்லாம் முடிவு செய்தோம்.

காயம்பட்டவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடும் முன் மருத்துவச் சான்றும், கொடுக்கப்போகும் வேலையில் எந்த உறுப்பு எத்தனை முறை அசைகிறது என்ற குறிப்பும் இல்லாமல் இனி கூப்பிடுவதில்லை. லேபிள் மேஜையில் நானே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வலித்தது.

நாலாவது பையனைப் பற்றி முதலுதவி நோட்டில் ஒரே வரி இருக்கிறது: வலது கை விரல், ட்ரம் ரிங், கட்டுப் போட்டு அனுப்பப்பட்டது. மேஸ்திரி சொன்ன ஊருக்கு ஒருமுறை போய்விட்டு வந்தேன், அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். 2023 பதிவேட்டில் அவனுக்கு நேரே இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.